கம்பு நின்ற இடம்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலை முடிந்து சோலை தொடங்குகிற இடத்தில் ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் குடியிருந்தார். கட்டடக் கலைஞர். காஸ்பர் ஈம்போடன் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கம்புத் துரை வீடு என்றால் பஸ் கண்டக்டரே விசில் கொடுத்து இறக்கிவிடுவார்.

எந்தக் கட்டடத்துக்கும் அஸ்திவார வானம் தோண்டும் முன் அவர் மனையில் தைலமரக் கம்புகளை நடுவார். மூலைக்கு ஒரு கம்பு. கூரை எவ்வளவு உயரம் போகும், எந்தப் பக்கம் சாயும் என்று காட்ட உச்சியில் ஒரு ரீப்பர் கட்டை. வரப்போகும் கட்டடத்தின் உருவம் வெறும் ஆகாயத்தில் ஒரு மாதம் நிற்கும். போகிறவர் வருகிறவர் பார்க்க வேண்டும், குறை இருந்தால் வந்து சொல்ல வேண்டும். அவர் நாட்டில் இது சட்டமாம். நம் ஊரில் தமாஷ். ஆடு கட்ட வசதியாக இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு.

இதைவிடப் பெரிய தமாஷ் அவர் வீட்டுத் தோட்டத்திலேயே இருந்தது. வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி ஆறு கம்புகள் முப்பது வருஷத்துக்கும் மேலாக நின்றன. மக்கிப்போனால் புதிதாக நடுவார். துரை இன்னொரு ரூம் எழுப்பப் போகிறார் என்று கொத்தனார்கள் பேசிக்கொண்டார்கள். பேசியவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ரூம் எழும்பவில்லை.

வசுமதி அவருடைய சிஷ்யை. சிஷ்யை என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தேழு வயது. கோயம்புத்தூரில் சொந்த ஆபீஸ், கீழே பதினொரு பேர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவரிடம் வேலை பழகினாள். சார் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றையும் நான் விடவில்லை என்று மேடையில் சொல்வாள், பத்திரிகையிலும் சொல்வாள். ஒரே ஒரு தடவை விட்டிருந்தாள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு பிற்பகலில் அவள் வந்தாள். கார் கதவைக்கூடச் சரியாகச் சாத்தவில்லை. துரை அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். எழுபத்தேழு வயதிலும் ஒரு சொட்டு சிந்தவில்லை. மேசையில் மூன்று டம்ளர் வைத்து ஊற்றினார்.

"மூணாவது யாருக்கு சார்?"

"ஆறட்டும். நீ உக்காரு அம்மணி."

அவர் தமிழ் முழுக்கக் கொத்தனார்களிடம் கற்றது. அம்மணியும் அப்படி வந்ததுதான்.

"பேப்பர் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நாளைக்குக் காலையில ஆர்.டி.ஓ. விசாரணை."

"தெரியும். நீ என்ன கேக்க வந்தே, அதைக் கேளு."

அவளுக்கு உடனே கேட்க வரவில்லை. நடந்ததைத்தான் சொல்ல வந்தது.

ஒரு அறக்கட்டளைக்காக மலைச்சரிவில் பெண்கள் விடுதி ஒன்று கட்டினாள். வழக்கம்போலக் கம்பு நட்டாள். அன்றைக்குத் துரையும் உடன் இருந்தார். சென்னப்பன் என்று ஒரு கிழவர் வந்து பார்த்தார். தோட்டத்தில் வாச்சராக இருந்து ஓய்ந்தவர், எழுபது தாண்டியவர். ஏழு வயதில் அந்தச் சரிவு இடிந்து இறங்கியதைக் கண்ணால் கண்டவர்களில் உயிரோடு மிச்சம் அவர் ஒருவர்தான். கம்புகளைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். ஒரு சவுக்கு மரத்தைத் தடியால் தட்டினார். "மண்ணு இந்த மரம் வரைக்கும் வந்துச்சுங்க. மரத்துக்கு இப்பால வரலை. உங்க கம்பு இப்பாலதான் நிக்குது. தைரியமா கட்டுங்க" என்றார். வசுமதி அதைக் குறித்துக்கொண்டாள். துரை அவருக்குக் கும்பிடு போட்டார்.

கம்பு பிடுங்கின பிறகு அறக்கட்டளையிலிருந்து சமையல்கட்டு சின்னதாக இருக்கிறது என்றார்கள். வசுமதி ஒரே ஒரு தாளை மாற்றி வரைந்தாள். பன்னிரண்டு அடி நீண்டது. சவுக்கு மரம் குறுக்கே நின்றது, வெட்டினார்கள். மறுபடி கம்பு நட வேண்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. நட்டால் ஒரு மாதம் போகும், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடியாது. பன்னிரண்டு அடிதானே என்று விட்டுவிட்டாள். மண்ணை வெட்டி நிரவியதும் மரம் நின்ற இடம்கூட யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சென்னப்பனுக்கும் தெரியவில்லை.

அந்தச் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்தவள் சென்னப்பனின் மகள் தெய்வானை. மழைக்காலத்தில் அங்கே போகப் பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னபோது அப்பன்தான் அனுப்பினார். நான் பார்த்த இடம், பயப்படாமல் போ என்று சொல்லி அனுப்பினார்.

ஆறு நாளைக்கு முன், காலை ஏழு மணிக்கு, இட்லி வெந்துகொண்டிருந்த நேரத்தில் சரிவு இறங்கியது. பிள்ளைகள் படுத்திருந்த பக்கத்தில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. சமையல்கட்டு மட்டும் போயிற்று. தெய்வானையும் கூட வேலை செய்த இன்னொருத்தியும் போனார்கள்.

"உள்ளூர்ப் பெரியவரைக் கேட்டுத்தான் கட்டினோம்னு டிரஸ்டுல பேட்டி குடுத்துட்டாங்க சார். ஊர்ல அவரைப் புடிச்சுத் திட்டறாங்க. கிழவன் கண்ணு மங்கிப் போச்சு, பெத்த பொண்ணையே அனுப்பிக் கொன்னுட்டான்னு."

"அவரைப் பாத்தியா?"

"சுடுகாட்டுக்குப் போயிருந்தேன். என் கையைப் புடிச்சுட்டாரு. இஞ்சினீரம்மா, கம்பு எங்கங்க நின்னுச்சுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"அப்புறம் பேசலாம்னு சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். துரை அழ விட்டார். அவர் அழுகிறவர்களைத் தேற்றுகிற ரகம் இல்லை.

"சரி. இப்பக் கேளு."

"கம்பு எங்க நின்னுச்சுன்னு நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பஞ்சாயத்துல குடுத்த வரைபடத்துல நீட்டின சமையல்கட்டுதான் இருக்கு. கம்புக்கு எந்த ரெக்கார்டும் இல்ல. விசாரணையில இயற்கைச் சீற்றம்னு எழுதி முடிச்சுருவாங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் வாயைத் திறக்கணுமா சார்?"

துரை எழுந்து ஜன்னலைத் திறந்தார். தோட்டத்தில் ஆறு கம்புகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

"எங்க நாட்டுல ஒரு ஊரு. ஹின்டர்லாவி. எங்க பாஷையில லாவின்னா பனிச்சரிவு. பனிச்சரிவுக்குப் பின்னாடி இருக்கற ஊருன்னு அர்த்தம். பேரை வெச்சவங்க என்ன முட்டாளா? நான் அந்தப் பேரை நூறு தடவை வரைபடத்துல எழுதினேன். அழகான எழுத்துல எழுதினேன்."

வசுமதிக்கு அவர் இளமையில் பெரிய ஆள் என்று தெரியும். அவர் கட்டடம் என்றாலே மொட்டை மாடிக் கூரை, வெள்ளைச் சுவர், நீள ஜன்னல். காச நோயாளிகளுக்கு அவர் கட்டிய ஆஸ்பத்திரியைப் பார்க்க நாலு தேசத்திலிருந்து ஆள் வந்தார்களாம். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அதையெல்லாம் விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர் கூப்பிட்டார் என்று கப்பலேறினார். ஏன் விட்டார் என்று கேட்டவர்களுக்கு, அங்கே குளிர் ஜாஸ்தி என்று சொல்வார். சொல்லிவிட்டு நீலகிரியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"அந்த ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம். கம்பு நட்டேன். முப்பத்திரண்டு மீட்டர் நீளம். பால்ட்ஸ்னு ஒரு கிழவரு வந்தாரு. மாடு மேய்க்கறவரு. அறுபது வருஷப் பனியும் அவருக்கு மனப்பாடம். கம்புக்குள்ள நடந்து பாத்துட்டு, இதுவரைக்கும் வராது, கட்டிக்கோன்னாரு."

"அப்புறம்?"

"கம்பைப் புடுங்கிட்டு ஆபீசுக்குப் போயி மாடல் செஞ்சு பாத்தேன். முப்பத்திரண்டு மீட்டர் குட்டையா இருந்துச்சு. மலை அவ்வளவு பெருசு, கட்டடம் ஒரு டப்பா மாதிரி. நாப்பது மீட்டர் ஆக்கினேன். அழகாயிருச்சு."

"யாராவது கேட்டாங்களா நீட்டச் சொல்லி?"

"யாரும் கேக்கல. உனக்குச் சமையல்கட்டு. எனக்கு அழகு." அவர் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "மாத்தினா மறுபடி கம்பு நடணும். சட்டம். சின்ன மாற்றம்னு ஒரு கடுதாசி எழுதி அதிகாரிங்ககிட்டக் கையெழுத்து வாங்கிட்டேன். அவங்களுக்கும் என் பேருன்னா மரியாதை. பத்திரிகை அட்டையில அந்தப் பள்ளிக்கூடம் வந்துச்சு. ரெண்டாவது குளிர்காலத்துல லாவி வந்துச்சு. காலையில பத்து மணி. முப்பத்திரண்டு மீட்டருக்கு ஒண்ணும் ஆகல."

வசுமதிக்குப் புரிந்தது.

"மிச்ச எட்டு மீட்டர்ல..."

"ஒண்ணாங் கிளாஸ். ஏழு பிள்ளைங்க. டீச்சருக்கு இருபத்திமூணு வயசு. எல்லாருக்கும் பேரு தெரியும் எனக்கு. உனக்குச் சொல்ல மாட்டேன்."

மழை கொஞ்சம் வலுத்தது. தோட்டத்துக் கம்புகளை அவள் திரும்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற கம்புகள். நாற்பது தடவையாவது தாண்டிப் போயிருக்கிறாள். ஒரு தடவை அங்கே துணிகூட உலர்த்தியிருக்கிறாள். மனதுக்குள் அளந்தாள். நீளம் எட்டு மீட்டர் இருந்தது.

"அந்த ரூமா சார் அது?"

"ஆமா."

கொத்தனார்களின் கேலி அவளுக்கு ஞாபகம் வந்தது. அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

"உங்களை யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாங்க. இயற்கைச் சீற்றம்னு எழுதிட்டாங்க. அதுக்கும் மேல எனக்குப் புது வேலை குடுத்தாங்க. ஊருதான் பால்ட்ஸைப் புடிச்சுக்கிச்சு. வராதுன்னு நீதானே சொன்னேன்னு. கோயில்ல அவர் பக்கத்துல யாரும் உக்காரல. ஒரு நாள் என் ஆபீசுக்கு வந்தாரு. நாலு மணி நேரம் ரயில்ல. ஷூ நிறையப் பனி. உள்ள வராம வாசல்லயே நின்னு கேட்டாரு. ஐயா, கம்பு எங்க நின்னுச்சுன்னு."

வசுமதி தலையை நிமிர்த்தவில்லை.

"நான் சொன்னேன். நீங்க பாத்த இடத்துலதான் நின்னுச்சு."

"அது பொய் இல்லையே சார்."

"பொய் இல்ல. ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. அதனாலதான் அவர் நம்பினாரு. சரிங்க ஐயா, என் கண்ணுதான் தப்புன்னுட்டுத் தொப்பியை மாட்டிக்கிட்டுப் போனாரு. சித்திரை மாசம் அந்தச் சரிவுக்கு நடுவுல போயி உக்காந்தாரு. அடுத்த லாவி இறங்கறது கீழே ஊருக்கே கேட்டுச்சாம். கூப்பிட்டாங்களாம். அவர் எந்திரிக்கல."

வசுமதிக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இருபத்திரண்டு வருஷம்! கம்பு நடு, கம்பு நடுன்னு சொன்னீங்க. எப்பவாவது ஏன்னு சொன்னீங்களா? ஏதோ உங்க ஊரு சம்பிரதாயம்னு நெனச்சேன் சார். பொட்டு வைக்கற மாதிரி, பூசணிக்காய் உடைக்கற மாதிரி. இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, அந்தப் பன்னெண்டு அடியை நான் வரைஞ்சிருப்பேனா?"

"மாட்டே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"வேலை பழக வந்தப்ப என்னைச் சாமி மாதிரி பாத்தே. எனக்கு அது புடிச்சிருந்துச்சு."

துரை ஜன்னலை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்துச் சொன்னார்.

"பால்ட்ஸ்கிட்டப் பேசாம இருந்தேன், அது ஒண்ணு. உன்கிட்டப் பேசாம இருந்தேன், அது ரெண்டு. தெய்வானையைக் கொன்னதுல எனக்கும் பாதி இருக்கு. நாளைக்கு ஆர்.டி.ஓ. முன்னாடி என் பாதியை நான் சொல்லப் போறேன். உன் பாதியை நான் சொல்ல மாட்டேன்."

"நான் சொன்னா ஜெயிலு சார்."

"போகலாம்."

"ஆபீஸ்ல பதினொரு பேரு இருக்காங்க."

"இருக்காங்க."

"சொல்லாட்டி?"

துரை ஜன்னலுக்கு வெளியே ஆறு கம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பால்ட்ஸ் நின்று கேட்ட வாசல்படியை அவர் மனசு இன்னும் தாண்டவில்லை. கல்யாணம் இல்லை, ஊருக்குத் திரும்பவில்லை, அவர் ஊர்க் கடுதாசி ஒன்று வந்து வசுமதி பார்த்ததில்லை. காரணம் குளிர் என்று இத்தனை நாள் நம்பியது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தோன்றியது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

தலையில் யூரியாச் சாக்கை மழைக்குக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு சென்னப்பன் வந்தார். பாதையில் தண்ணீர் ஓடியதால் தோட்டத்துக்குள் இறங்கிக் கம்புகளுக்கு நடுவே நடந்து வந்தார். நடுவில் நின்றார். ஒரு கம்பைக் கையால் தடவிப் பார்த்தார். எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பழக்கத்தில் மேலே அண்ணாந்து பார்த்தார். பிறகு வந்து வாசல்படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். ஆறு நாளில் ஆள் பாதியாகியிருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. பூட்டிவிட ஆள் இல்லை.

"நீங்க வரச் சொன்னீங்களா?" என்று வசுமதி துரையிடம் மெல்லக் கேட்டாள்.

"நேத்து இங்க வந்து என்னைக் கேட்டாரு. நட்ட ஆளைத்தான் கேக்கணும், நாளைக்கு வாங்கன்னேன். நீ எப்படியும் வருவேன்னு தெரியும்."

சென்னப்பன் சாக்கை எடுத்து உதறினார். வசுமதியைப் பார்த்ததும் கும்பிட்டார். அந்தக் கும்பிடு அவளைச் சுட்டது.

"உள்ள வாங்க பெரியவரே. டீ இருக்கு" என்றார் துரை.

"இருக்கட்டுங்க துரை. காலெல்லாம் சேறு. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிர்றேனுங்க." தடியை இரண்டு கையாலும் ஊன்றிக்கொண்டார். "சவுக்கு மரத்துக்கு இப்பால நின்ன மாதிரித்தானுங்க ஞாபகம். ஆனா இப்ப எனக்கே நம்பிக்கை இல்லீங்க. படுத்தா கம்பு ஒரு நாள் அங்க நிக்குது, ஒரு நாள் இங்க நிக்குது. புள்ள போகமாட்டேன்னுச்சுங்க. நான்தான் தைரியம் சொல்லி அனுப்பினேன். என் கண்ணு பெசகிருச்சுன்னா பெசகிருச்சுன்னு சொல்லிருங்க. தாங்கிக்குவேனுங்க. தெரியாம இருக்கறதைத்தான் தாங்க முடியல."

வசுமதி ஓர் அடி முன்னால் வந்தாள். வாய் திறந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் தேடவே தேவையில்லாமல் ஒரு வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. நீங்க பாத்த இடத்துலதான் நின்னுச்சுங்க. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லாத வாக்கியம். யார் சொல்லிக் கொடுத்ததும் இல்லை, தானாகவே வந்தது.

சென்னப்பன் காத்துக்கொண்டு நின்றார். மகளைப் பறிகொடுத்தவர், இன்னும் மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றார்.

"துரை, அன்னிக்கு நீங்களும் இருந்தீங்களே. கம்பு எங்கங்க நின்னுச்சு?"

வசுமதி திரும்பித் துரையைப் பார்த்தாள். சார் சொல்லிவிட்டால் போதும் என்று அந்த ஒரு நொடி ஆசைப்பட்டாள்.

துரை மூன்றாவது டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். வாசலைக் காட்டினார்.

"கொண்டு போய்க் குடு அம்மணி. உன்னைத்தான் கேக்கறாரு."